மின்சிங் லேனில் அம்மா



பயண இலக்கியம் பற்றிய இந்த வரிசையில் என்னையும் பேச அழைத்தபோது முதலில் தயங்கினேன். 1940ஆம் ஆண்டில் 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற நூலைத் தந்த ஏ. கே. செட்டியார் போன்றவர்கள் நடந்த துறை இது. நானோ கொத்மலையிலிருந்து நாவலப்பிட்டிக்கும், நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்கும் போய் வந்ததையே பயணம் என்று எண்ணி இருந்தவன். இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிக்கிறேன். நாற்பத்தாறாவது வயதில்தான் முதன்முதலாக விமானம் ஏறினேன். 2024 ஆகஸ்ட் மாத விடுமுறையில் பத்து நாட்கள் லண்டனில் இருந்தேன். அந்தப் பத்து நாட்களில் ஊர் பார்க்கக் கிடைத்தது ஒரேயொரு நாள். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அரண்மனை வாசலில் காவலர் மாறும் காட்சியையும், நாடாளுமன்றத்து மணிக்கூண்டையும், ஆற்றங்கரையில் சுழலும் இராட்சத இராட்டினத்தையும் நீங்கள் தொலைக்காட்சியில் என்னைவிட நன்றாகப் பார்த்திருப்பீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

என் தங்கை லண்டனில் தாதியாகப் பணிபுரிகிறாள். அவளுடைய கணவர் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலைச் சேர்ந்தவர். அவர்களுடைய மகள் பெரிய பிள்ளையானாள். அவர் பக்கத்தில் அதைச் சாமத்திய வீடு என்பார்கள். நாங்கள் சடங்கு என்போம். பெயர் எதுவானாலும் தாய்மாமன் இல்லாமல் அது நடக்காது. ஆகவே தங்கை பயணச் சீட்டுகளை அனுப்பினாள். என் மனைவி, பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், எழுபத்திரண்டு வயதான என் அம்மா, நான் என்று நால்வர் புறப்பட்டோம்.

விசாவுக்கான படிவத்தைக் கணினியில் நிரப்பியவள் என் மகள். அப்பாயியின் தொழில் என்ன என்று கேட்டிருந்த இடத்தில் அவள் 'இல்லத்தரசி' என்று பதிந்திருந்தாள். நான் அதைப் பார்த்தேன். திருத்தவில்லை. அம்மா வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன, இப்போது வீட்டில்தானே இருக்கிறார், இதில் பொய்யென்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அம்மா பதினாறு வயதில் கூடையை எடுத்தவர். ஐம்பத்தைந்து வயதில்தான் அதை இறக்கி வைத்தார். முப்பத்தொன்பது வருடங்கள். ஏன் திருத்தவில்லை என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் பிந்திப் பிறந்தவர் அம்மா. நாடற்றவராகவே பிறந்து, நடுவயதில் பிரஜையானவர். எழுபத்தொரு வயதில் முதன்முதலாகக் கடவுச்சீட்டு எடுத்தார். விமான நிலையத்தில் அதைக் கைப்பையில் வைக்கச் சொல்லியும் கேட்கவில்லை. குருத்தோலை பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்தபடியே வரிசையில் நின்றார்.

சடங்கெல்லாம் முடிந்த மறுநாள் ஊர் பார்க்கக் கிளம்பினோம். தங்கைக்கு ஆஸ்பத்திரியில் கடமை. மச்சான் எங்களை அழைத்துச் சென்றார். அவர்கள் வசிப்பது ஈஸ்ட் ஹாம். அங்கே கோயிலும் உண்டு, நகைக்கடையும் உண்டு, முருங்கைக்காயும் உண்டு. அங்கிருந்து ரயில் சிறிது தூரம் வெளிச்சத்தில் ஓடி, பிறகு நிலத்துக்குள் இறங்குகிறது. ரயில் இருட்டுக்குள் நுழைந்ததும் அம்மா யன்னலைப் பார்த்து, "நம்ம சிங்கமல சொரங்கம் மாதிரி இருக்கு. ஆனா இது முடிய மாட்டேங்குதே" என்றார். மனைவி ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சுடுநீர்ப் போத்தலில் தேத்தண்ணி. மலைக்கு வேலைக்குப் போகிறவர்களின் சாப்பாட்டோடு நாங்கள் லண்டன் பார்க்கப் போனோம்.

டவர் ஹில் என்ற இடத்தில் இறங்கினால் பழைய கோட்டை நேரே தெரிகிறது. உள்ளே போய் மணிமுடிகளைப் பார்க்க ஆளொன்றுக்கு முப்பது பவுணுக்கு மேல் வேண்டும். வெளியே நின்று பார்த்தோம். 1894இல் திறக்கப்பட்ட கோபுரப் பாலத்தின் முன்னால் ஆளுக்கொரு படம் எடுத்தோம். அதற்குமேல் அங்கே எங்களுக்கு வேலையிருக்கவில்லை.

"அடுத்தது எங்கை போவம்?" என்று மச்சான் கேட்டார்.

"மின்சிங் லேன்" என்றேன்.

"அங்கை என்ன இருக்கு மச்சான்? எல்லாம் கந்தோர்தானே. ஒரு சனமும் படம் எடுக்கப் போறேல்லை."

எனக்கு அந்தப் பெயர் சிறுவயதிலேயே தெரியும். என் தந்தையார் தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்தவர். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. தகட்டில் எழுத்து வெட்டி, அதைப் பெட்டிமேல் வைத்து, கறுப்பு மை தடவித் தோட்டத்தின் பெயரையும் தூளின் தரத்தையும் இலக்கத்தையும் பதிப்பது அவருடைய வேலை. பெட்டிகளைக் கொழும்புப் பெட்டி என்றும் லண்டன் பெட்டி என்றும் பிரித்துச் சொல்வார். கொழும்பில் 1883இல் தொடங்கிய ஏலத்துக்குப் போவது ஒன்று, கடல் கடந்து லண்டன் ஏலத்துக்குப் போவது மற்றது. "லண்டன்ல மின்சிங் லேன்னு ஒரு தெரு இருக்கு. நம்ம ஆள்களுக்கு அரிசி விலை அங்கதான் முடிவாகுது" என்று யாரோ பெரிய கிளாக்கர் சொன்னதை அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். அரிசி விலையை மின்சிங் லேன் தீர்மானித்ததா என்பது பொருளாதாரம் படித்தவர்கள் ஆராய வேண்டிய விடயம். என் தந்தையார் இறக்கும்வரை நம்பினார்.

கோட்டையிலிருந்து நடந்தே போகலாம். சிறிய தெரு. இரு பக்கமும் கண்ணாடியும் கல்லுமாக உயர்ந்த கட்டடங்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இளைஞர்கள் கையில் காகிதக் கோப்பையோடு விரைந்து போகிறார்கள். கோப்பையில் பெரும்பாலும் கோப்பிதான். மின்சிங் என்பது கன்னியாஸ்திரிகளைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லின் திரிபு என்கிறார்கள். கன்னியர் மடமொன்றுக்கு இங்கே ஒரு காலத்தில் சொத்து இருந்திருக்கிறது. தமிழாசிரியன் என்பதால் இந்தத் தகவல் எனக்கு இனித்தது. அம்மாவுக்கு இனிக்கவில்லை.

கிழக்கிந்தியக் கம்பனி லண்டனில் தேயிலையை முதன்முதலாக ஏலமிட்டது 1679இல். அக்காலத்தில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைப்பார்கள். அது ஓர் அங்குலம் எரிந்து முடிவதற்குள் கேட்ட விலைதான் கணக்கு. கம்பனியின் தனியுரிமை போன பிறகு, 1834 அளவில் வியாபாரம் இந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலையிலிருந்து முதன்முதலாக 23 இறாத்தல் லண்டனுக்கு வந்தது 1873இல். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் ஆவதற்குள் இலங்கைத் தேயிலை இங்கே பெரும் பெயர் எடுத்துவிட்டது. 1891இல் மஸ்கெலியா கார்ட்மோர் தோட்டத்துத் தேயிலை, இறாத்தல் ஒன்று 25 பவுணுக்கு மேல் விலைபோய்ப் பத்திரிகைச் செய்தியாயிற்று.

இந்தத் தெருவின் மேல்முனையில் 'பிளாண்டேஷன் ஹவுஸ்' என்று ஒரு பெரிய கட்டடம் இருந்தது. தோட்ட மாளிகை என்று தமிழில் சொல்லலாம். 1971 வரை ஏலம் அங்கேதான் நடந்தது. பிறகு ஏலம் வேறிடங்களுக்குப் போனது. கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். 2004இல் அதே இடத்தில் 'பிளாண்டேஷன் பிளேஸ்' என்ற கண்ணாடிக் கட்டடம் எழுந்தது. அதற்கும் இப்போது அந்தப் பெயரில்லை. தெருவின் பெயராலும் இலக்கத்தாலும் அழைக்கிறார்கள். இத்தனை தூரம் வந்து அம்மாவுக்கு நான் காட்ட முடிந்தது ஒரு கதவிலக்கத்தைத்தான்.

ஆனால் காட்ட முடியாவிட்டாலும் சொல்ல ஒன்றிருந்தது. அதை நடைபாதையில் நின்றே சொன்னேன். லண்டன் தேயிலை ஏலம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்து, 1998 ஜூன் 29ஆந் திகதி நிறுத்தப்பட்டது. அன்று தருமத்துக்காக ஒரு பெட்டியை ஏலமிட்டார்கள். அந்தப் பெட்டி வந்தது எங்கிருந்து? ஆங்கிலத்தில் ஹெல்பொட என்பார்கள். கொத்மலையில் கட்டுகித்துலைப் பக்கம் இருக்கும் நம்முடைய எல்பொடைத் தோட்டம்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த எல்பொட? தங்கச்சி தோட்டமா?"

"அதேதாம்மா."

அம்மாவின் ஒரே தங்கை, என் சின்னம்மா, எல்பொடையில் வாழ்க்கைப்பட்டவர். 1998இல் அவரும் அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்.

"பொட்டி எத்தன கிலோ?"

"நாற்பத்து நாலு."

அம்மா விரலை மடக்கத் தொடங்கினார். எனக்கு அவர் என்ன கணக்குப் பார்க்கிறார் என்று விளங்கவில்லை. "நாலு, நாலர கிலோ கொழுந்து வாடி அரைஞ்சு காஞ்சாத்தான் ஒரு கிலோ தூளு. அப்ப இருநூறு கிலோ பச்சக் கொழுந்து. ஆளுக்குப் பதினாறு, பதினேழுன்னு வையி" என்று நிறுத்தினார். பிறகு, "பன்னெண்டு பேரு. ஒரு நெர ஆளுக ஒரு நாள் பறிச்சது அந்தப் பொட்டி" என்றார்.

அந்தப் பெட்டியைக் கிலோ 555 பவுண் கொடுத்து டெய்லர்ஸ் ஆஃப் ஹரோகேட் என்ற கம்பனி வாங்கியது. இதையும் சொன்னேன். பவுண் ஒன்று அப்போது நூறு ரூபாய்க்குச் சற்று மேல். என் மனைவி கைத்தொலைபேசியில் பெருக்கிப் பார்த்து வியந்து நின்றாள். அம்மா வியக்கவில்லை. நாட்சம்பளம் அப்போது நூறு ரூபாயளவில் இருந்ததை நினைவுபடுத்தி, "அப்ப ஒரு கிலோவுக்கு ரெண்டு வருசப் பேரு" என்றார்.

இந்தப் 'பேர்' என்ற சொல்லை வெளியூர் நேயர்களுக்காக விளக்க வேண்டும். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. பிரட்டுக்களத்தில் காலையில் நின்று, சொன்ன இறாத்தலைப் பறித்துக் கொடுத்தால் செக்ரோலில் பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். இந்த மாதம் எத்தனை பேர் என்று கேட்டால் எத்தனை நாள் வேலை என்று பொருள். மனிதரின் பெயரையே நாட்கூலியின் அளவையாக்கிய இந்த வழக்கைப் பற்றி நம்முடைய அகராதிக்காரர்கள் இன்னும் சரியாக எழுதியதாகத் தெரியவில்லை. மாணவர்களுக்கு ஆகுபெயர் கற்பிக்கும்போது நான் இதைத்தான் உதாரணமாகக் காட்டுகிறேன்.

நியாயத்துக்காக அம்மாவிடம் ஒன்றைச் சொன்னேன். அது தருமத்துக்காக விட்ட விலை, சந்தை விலையல்ல, சாதாரண நாளில் கிலோ சில பவுணுக்குமேல் போகாது என்று. "தருமத்துக்குன்னா சரிதான்" என்றார். அவ்வளவோடு மின்சிங் லேன் முடிந்தது. மச்சான்தான் திடீரென்று, "மாமி, அந்தக் கதவுக்கு முன்னாலை நில்லுங்கோ" என்று சொல்லி ஒரு படம் எடுத்தார். யாரும் படம் எடுக்கப் போவதில்லை என்று சொன்ன அதே மனிதர். எங்கள் பக்கத்தில் அத்தை என்பதை அவர்கள் மாமி என்பார்கள். அம்மாவுக்கு அந்த மாமி பழக ஐந்தாறு வருடம் சென்றது.

அங்கிருந்து திரும்பி வந்து, கோட்டைக்குக் கீழே படகுத்துறையில் கிரீனிச் போகும் படகில் ஏறினோம். தேம்ஸ் நதி பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்தபோது மகாவலி அளவுக்கு ஒரு தெளிந்த நீரோட்டத்தை எண்ணியிருந்தேன். மண்ணிறத்தில் கலங்கி ஓடுகிறது. கடல் வற்றுப்பெருக்கு நகருக்குள்வரை வருவதால், நீர் இறங்கும் நேரம் கரையில் சேறும் பழைய மரக்கட்டைகளும் தெரிகின்றன. "நம்ம டேம்ல தண்ணி வத்தினா கோயில் தெரியுமே, அது மாதிரி" என்றார் அம்மா. 1985இல் கொத்மலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது அமிழ்ந்த கடதொரை விகாரையைச் சொன்னார். வறட்சியில் அதன் கட்டடங்கள் மேலே வந்து நிற்பதைப் பார்த்தவர்கள் இந்த உவமையின் பொருத்தத்தை உணர்வார்கள்.

பாலத்தைத் தாண்டியதும் தென்கரையில் பட்லர்ஸ் வார்ஃப் என்ற பெரிய பண்டகசாலை வரிசை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. தேயிலைப் பெட்டிகள் அடுக்கி நின்ற இடம். இப்போது மாடி வீடுகளும் உணவகங்களும். பலகணிகளில் பூச்சாடி வைத்திருக்கிறார்கள். வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை எனக்கு நினைவுக்கு வந்தார். தேயிலைத் தோட்டத்து மக்களைப் பற்றிய தம் நெடுங்கவிதையை அவர் ஆங்கிலத்தில்தான் வெளியிட்டார். பின்னர் சக்தீ பால ஐயா அதைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். ஏன் ஆங்கிலத்தில் எழுதினார் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அந்தப் படகில் இருந்தபோது, யாரை நோக்கிப் பேசினார் என்று கேட்பதே சரி என்று பட்டது.

கிரீனிச்சில் இறங்கியவுடன் கட்டி சார்க் கப்பல். மூன்று பாய்மரங்களோடு தரையில் நிற்கிறது. அடிப்பாகத்தை மேலே தூக்கி நிறுத்தியிருப்பதால் கப்பலின் வயிற்றுக்கடியில் நாம் நடந்து போகலாம். முகப்பில் கை நீட்டிய ஒரு பெண் உருவம். றொபட் பேர்ன்ஸின் கவிதையில் வரும் சூனியக்காரி அவள். கையில் பிடித்திருப்பது குதிரை வால். மச்சான் நுழைவுச் சீட்டு வாங்கினார். எவ்வளவென்று சொல்ல மறுத்துவிட்டார்.

இந்தக் கப்பலின் கதை எங்களோடு ஒரு விசித்திரமான முறையில் பின்னியிருக்கிறது. இது நீரில் இறக்கப்பட்டது 1869 நவம்பர் 22ஆந் திகதி. அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்புதான் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. சீனத்திலிருந்து புதுத் தேயிலையை ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி எல்லோருக்கும் முன்னால் கொண்டு வருவதற்காகவே கட்டிய கப்பல், பிறக்கும்போதே பழசாகிவிட்டது. கால்வாயில் நீராவிக் கப்பல்கள் குறுக்கு வழியாக வந்தன. பாய்மரத்துக்கு அந்தக் கால்வாய் உதவாது. எட்டுத் தடவைகள் தேயிலை ஏற்றிய பிறகு, இது நிலக்கரியும் அவுஸ்திரேலியக் கம்பளியும் சுமக்கப் போயிற்று. அதே 1869இல்தான் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைநோய் கண்டது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. அந்தத் தேயிலையை லண்டனுக்குச் சுமந்தவை நீராவிக் கப்பல்கள்.

"அப்ப நம்ம கொழுந்து இதுல வரலியா?" என்றார் அம்மா.

"இல்லம்மா. இது சீனத்துத் தேயிலை."

"பொறகு இங்க எதுக்கு வந்தோம்?"

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மச்சான் சிரித்துவிட்டார்.

கப்பலின் அடித்தளத்துக்கு இறங்கினோம். தேயிலைப் பெட்டிகளைப் போலச் செய்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு தடவையில் பத்து இலட்சம் இறாத்தலுக்கு மேல் ஏற்றுவார்களாம், காற்றுக்கூட இடையில் புகாதபடி அடுக்கி. அந்தப் பெட்டிகளைக் கண்டதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. நான் எழுதப் பழகியது ஒரு தேயிலைப் பெட்டிமேல்தான். ஸ்டோரில் கழித்துவிட்ட பெட்டியை என் தந்தையார் கேட்டு வாங்கி வந்து லயத்துக் காம்பறாவின் மூலையில் கவிழ்த்து வைத்தார். அதன்மேல் மண்ணெண்ணெய் விளக்கு. ஓரத்துத் தகரம் கையைக் கிழிக்கும் என்று அம்மா பழஞ்சேலை சுற்றித் தைத்திருந்தார். சாதாரண தரமும் உயர்தரமும் அதில்தான் படித்தேன். பேராதனைக்குப் போனேன்.

பேராதனையில் ஒரு நாள் உடன் படித்த ஒருவர், "அம்மா என்ன செய்கிறார்?" என்று கேட்டார். "வீட்டில் இருக்கிறார்" என்றேன். அன்று அம்மா மழையில் படங்கைக் கட்டிக்கொண்டு மலையில் நின்றிருப்பார். அவர் அனுப்பிய பணம் என் சட்டைப்பையில் இருந்தது. பிறகு பட்டம் பெற்றேன், ஆசிரியனானேன், பயிற்சியும் பெற்றேன், மலையக இலக்கியம் பற்றிக் கட்டுரைகளும் எழுதினேன். அந்தப் பதிலை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. இருபத்தைந்து வருடம் கழித்து அதே பதிலை என் மகள் படிவத்தில் பதிந்தபோது நான் எப்படித் திருத்துவேன்?

நான் இப்படி நின்றிருக்க, அம்மா ஒரு பெட்டியருகே போய் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். "இது பொம்மப் பொட்டி. உள்ளுக்கு ஈயத்தாளு இல்ல" என்றார். அங்கே விளக்கம் சொல்ல நின்ற முதியவர் ஒருவர், அம்மா என்ன சொல்கிறார் என்று என் மகளிடம் கேட்டார். மகள் சொன்னாள். அவர் வியந்து, இவருக்கு எப்படித் தெரியும் என்றார்.

மகள் என்னைப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள்: "என் அப்பாவின் தாயார் இலங்கையில் முப்பத்தொன்பது வருடம் தேயிலை பறித்தவர். தாத்தா இந்தப் பெட்டிகளில் பெயர் அடித்தவர்."

பெரியவர் அம்மாவுக்கு வணக்கம் சொன்னார். கூடையை எப்படிச் சுமப்பீர்கள் என்று கேட்டார். அம்மா சேலைத் தலைப்பை எடுத்து நெற்றிக்குமேல் கயிறுபோல் வைத்து, முதுகைச் சற்று வளைத்துக் காட்டினார். பக்கத்தில் நின்ற இரண்டு வெள்ளைக்காரச் சிறுவர்கள் அதேபோல் செய்து பார்த்தார்கள். என்ன சம்பளம் என்று அவர் கேட்கவில்லை. சம்பளம் கேட்பது ஆங்கிலேயருக்குப் பண்பல்ல.

அம்மா ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். "இந்தக் கப்பல்ல வேல செஞ்சவங்க பேரெல்லாம் எழுதி வச்சிருக்காங்களா?"

ஆமாம், மாலுமிகளின் பெயர்ப் பட்டியல்கள் பேணப்பட்டிருக்கின்றன என்றார் அவர்.

"நம்ம செக்ரோல் மாதிரி" என்று அம்மா தலையாட்டிக்கொண்டார்.

கப்பலைவிட்டு வெளியே வந்து புற்றரையில் அமர்ந்து ரொட்டியைச் சாப்பிட்டோம். பிறகு வானாய்வு நிலையம் இருக்கும் குன்றில் ஏறினோம். நானும் மனைவியும் இருமுறை நின்று மூச்சு வாங்கினோம். மச்சான் மூன்று முறை. அம்மா முன்னால் போய் நின்று, "இதப்போயி மலைன்னு சொல்றாங்க. நம்ம ஏழாம் நம்பர் மலைக்கு இது காணாது" என்றார். உலகத்தின் பூச்சிய நெடுங்கோடு அங்கே தரையில் கீறப்பட்டிருக்கிறது. மகள் ஒரு காலை மேற்கிலும் ஒரு காலைக் கிழக்கிலும் வைத்து நின்றாள். நம்முடைய ஊர் இங்கிருந்து எண்பது பாகை கிழக்கே என்று அப்பாயிக்குக் கணக்குச் சொன்னாள். அன்றைய மாலையில் பெரிய விசேடமில்லை. சிறிது மழை தூறியது. வீடு திரும்பினோம்.

தங்கை கடமை முடிந்து வந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். கோப்பையில் பை போட்ட தேநீர். அம்மா தன் கோப்பையிலிருந்த பையை எடுத்து, கத்தரியால் வெட்டி, தூளை உள்ளங்கையில் கொட்டி, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "டஸ்ட்டு. மோசமில்ல" என்றார். குடித்தார்.

அங்கே இரவானால் இங்கே நள்ளிரவு கடந்துவிடும். ஆகவே மறுநாள் காலையில்தான் எல்பொடைக்குத் தொலைபேசி எடுத்தோம். சின்னம்மாவின் பேரன் வாட்ஸ்அப்பில் முகம் காட்டி, போனை அவரிடம் கொடுத்தான்.

"என்னக்கா, அங்க குளிரா?"

அம்மா குளிரைப் பற்றியும் சடங்கைப் பற்றியும் சொல்லி முடித்து, பெட்டியின் கதைக்கு வந்தார். 1998 ஜூன் மாதம், கடைசி ஏலம், ஒங்க தோட்டத்துப் பொட்டி என்று ஒன்றுவிடாமல் சொன்னார். ஒரே நாளில் என்னைவிட நன்றாகச் சொல்லப் பழகியிருந்தார்.

மறுமுனையில் சின்னம்மா யோசித்தார்.

"தொண்ணூத்தெட்டா? அந்த வருசம் சித்திரையில இருந்து ஆடி வரைக்கும் நான் மலைக்கே போகலியேக்கா. கை ஒடிஞ்சு கெடந்தேன்ல. நீங்ககூட வந்து பாத்திங்களே. நான் பறிச்சது அதுல இருக்காது."

எனக்குப் பெருத்த ஏமாற்றம். அம்மா சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "சரி, அப்ப ஒங்க நெரையில யாரு யாரு நின்னா?" என்று கேட்டார்.

சின்னம்மா சொல்லத் தொடங்கினார். மேட்டு லயத்து இன்னார், அவளுடைய நாத்தனார், பள்ளத்து லயத்திலிருந்து வந்து சேர்ந்த இரண்டு அக்கா தங்கைகள், குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய்த் திரும்பிய ஒருத்தி, இப்போது உயிரோடு இல்லாத மூவர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வீடும் ஓர் அடையாளமும் சொன்னார். நான் பையைத் துழாவினேன். கிடைத்தது கப்பலின் நுழைவுச் சீட்டு. அதன் முதுகில் எழுதிக்கொண்டே வந்தேன். அந்தப் பெயர்களை வானொலியில் வாசிக்க அவர்களிடம் நான் அனுமதி பெறவில்லை. ஆகவே வாசிக்கவில்லை. பதினொரு பெயர்கள்.

"இன்னொருத்தி நின்னா" என்றார் சின்னம்மா. "செவத்தவ. கங்காணி ஏசினாச் சிரிச்சுக்கிட்டே நிப்பா. கண்டி பக்கம் கட்டிக்கொடுத்தாங்க. பேரு நாக்குல நிக்குது, வர மாட்டேங்குது. இருங்கக்கா, லயத்துல கேட்டு நாளைக்குச் சொல்றேன்."